இருநூற்றுப் பன்னிரண்டாவது குச்சி

போன் அடித்தது.

கையில் முழங்கை வரை ரப்பர் உறை. உறை முழுக்க யானைச் சாணம். அந்தக் கையோடு எப்படிப் போனை எடுப்பாள், பாவம்?

அடித்து ஓய்ந்தது.

மறுபடி அடித்தது.

மூன்றாவது முறையும் அடித்தது. சரணாலயத்து ஆட்கள் காலை ஏழு மணிக்கு மூன்று தடவை போன் போடுகிற ரகம் இல்லை. ஒரு தடவை போட்டு, எடுக்காவிட்டால் டீ குடிக்கப் போய்விடுகிற ரகம்!

உறையை உருவி எறிந்துவிட்டு எடுத்தாள்.

ரேஞ்சரம்மா. எப்போதும் அதட்டுகிற குரல், இன்று தணிந்திருந்தது.

"லத்தியக்கா... உப்புக் குட்டைக்கு உடனே வாங்க. நம்ம பைனாகுலர் போயிட்டான்."

"எங்க போனான்?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான், அவன் எங்கே போனான் என்று அவளுக்குப் புரிந்தது.

யானை போடுவதற்கு லத்தி என்று பேர். அதை உடைத்து, சல்லடையில் அலசி, எந்த யானை, என்ன தின்றது, உடம்பு எப்படி என்று எழுதி வைப்பது அவளுடைய உத்தியோகம். பதினோரு வருஷ சர்வீஸ். லத்தியக்கா என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காராததால் எப்போதும் ஜன்னலோரம் கிடைக்கிறதே, அது போதாதா என்பாள்.

பைனாகுலர் என்பது காட்டைக் காவல் காக்கிற வாச்சரின் பட்டப்பேர். எதிர்மலையில் உட்கார்ந்திருக்கிற பறவையை வெறும் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லுவான். அந்தக் கண் இரண்டும் இப்போது மூடியிருந்தன.

மூடி வைத்தது அவளுடைய அண்ணன்.

அவன் காட்டுக்கு டாக்டர். புலிக்குக் கால் முறிந்தாலும் சரி, மானுக்குக் கண்ணில் முள் குத்தினாலும் சரி, அவன்தான். உப்புக் குட்டைக் கரையில், கண்காணிப்புக் கோபுரத்துக்கு இருபதடி தள்ளி, சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தார்ப்பாய் மூடிய உடம்பு. விடியற்காலை மழையில் தரையெல்லாம் கரைந்து கிடந்தது. கால்தடம் எதுவும் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று...

உடம்புக்குப் பக்கத்தில் ஒரு குவியல் லத்தி!

நெஞ்சுக்கூடு நொறுங்கியிருக்கிறது, யானை முட்டி போட்டு அழுத்தியிருக்கிறது என்று அண்ணன் சொல்லிவிட்டானாம். இருபது வருஷமாக இந்தக் காட்டில் அவன் சொன்னதுதான் கடைசி வார்த்தை. கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற இன்ஸ்பெக்டர்கூட மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

ரேஞ்சரம்மா அவளைத் தனியே அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். இந்த வாரம் இந்தப் பக்கம் சுற்றிய ஒற்றைக் கொம்பன் ஒருவன்தான். கிழிகாதன். தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவும் வந்துவிட்டது. பணியில் இருந்தவனைக் கொன்ற யானை வெளியே திரியக் கூடாது. சாயங்காலம் நாலு மணிக்குள் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கூண்டில் அடைக்க வேண்டும்.

"மேடம், அவனுக்கு ஊசி போட்டா எழுந்திரிக்க மாட்டான். இதயம் அவ்வளவுதான்னு அண்ணனே போன கோடையில எழுதிக் குடுத்திருக்கு."

"படிச்சேன். மேலயும் படிச்சிருக்காங்க. படிச்சிட்டுத்தான் உத்தரவு போட்டிருக்காங்க." ரேஞ்சரம்மா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். "இது அவனோடதுதானான்னு மட்டும் பாத்து எழுதிக் குடுங்க. என்னால ஆகறது அவ்வளவுதான்."

அவள் உறை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

உருண்டையின் பருமன் அவனுடையது. நாரும் அவனுடையதே. கிழிகாதனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று தேய்ந்துபோனது. மூங்கிலை அரைக்காமல் விழுங்குவான். விரல் நீளத்துக்கு முழுசு முழுசாக வெளியே வரும். இந்தக் காட்டில் வேறு எந்த யானைக்கும் அப்படி வராது.

"அவனோடதுதான்" என்றாள். ஐம்பது வயசு தாண்டிய உயிரை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டோமே...

எழுந்திருக்கப் போனவள், பழக்க தோஷத்தில் பெரிய உருண்டையைப் பிடித்து இரண்டாக உடைத்தாள்.

விரலில் ஏதோ தட்டியது.

கெட்டியாக. மெல்லிசாக.

மற்றவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அதை விரலால் துடைத்தாள். மூங்கில் குச்சி. சுட்டுப் பொறித்த மூன்று எண்கள்.

212.

அவளே பொறித்த எண்கள்!

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், கேளுங்கள் கண்ணுகளா. யானைகளை நேரே நின்று எண்ண முடியாது, அதனால் லத்திக் குவியலை எண்ணிக் கணக்குப் போடுவார்கள். எண்ணியதையே மறுபடி எண்ணிவிடாமல் இருக்க அதன்மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவுவார்கள். மழை வந்தால் தூள் போய்விடும், பன்றி வந்தால் குவியலே போய்விடும். அதனால் இவள் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். எண்ணி முடித்த குவியலில், பெரிய உருண்டைக்குள் ஒரு எண் குச்சியைச் செருகிவிடுவாள். வெளியே நுனிகூடத் தெரியாது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணனிடமும்!

212-ஐ அவள் செருகியது இங்கே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேற்கு மூங்கில் தோப்பில். நேற்றுப் பகல் இரண்டு மணிக்கு. செருகிய கையோடு குவியலை அள்ளி மூடி போட்ட பக்கெட்டில் போட்டாள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தப் பக்கெட்டை ஒருவர் கையில் கொடுத்தாள். கொடுக்கும் முன் குச்சியை உருவிவிடுவது வழக்கம். நேற்று மறந்துபோனாள்.

நாலு மைல் தள்ளிக் கிடந்த லத்தி நடந்து வராது.

கொண்டு வந்தவன் இருக்கிறான். இறந்தவன் பக்கத்தில் கொட்டியவன் இருக்கிறான். அப்படியானால், பைனாகுலரைக் கொன்றது யானை இல்லை!

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

சேற்றிலிருந்து எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டே அவன் அவளைப் பார்த்தான். முகத்தில் தூக்கமின்மை. குரலில் அதே பழைய கனிவு.

"காலையில ஏதாவது சாப்பிட்டியா பாப்பா?"

குச்சி உறைக்குள் இறங்கியது. அது உள்ளங்கையை அறுத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்தில் போனபோது அவளுக்கு ஆறு வயசு. அவனுக்குப் பதினேழு. தலை பின்னத் தெரியாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பொம்மையை வாங்கி வைத்துப் பின்னிப் பழகியவன் அவன். பள்ளிக்கூட நாடகத்தில் அவள் மரமாக நின்றபோது, முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவன். மரம் வேஷத்துக்கு யாராவது கை தட்டுவார்களா? அவன் தட்டினான்.

இந்த உத்தியோகம்கூட அவன் வாங்கிக் கொடுத்ததுதான்.

லத்தி மாதிரிகளை வைக்கிற தன் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, நோட்டைப் பிரித்தாள். தான் எழுதியது தப்பாக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. தப்பாக இல்லை. 212, மேற்கு மூங்கில் தோப்பு, பகல் இரண்டு, கிழிகாதன். கடைசிக் கட்டத்தில் அவளுடைய உருண்டைக் கையெழுத்து. 'எடுத்துக்கொண்டேன்.'

சுவர்க் கடிகாரம் பதினொன்றைக் காட்டியது. இன்னும் ஐந்து மணி நேரம்.

அண்ணனுடைய லேப் எதிர்க் கட்டடம்தான். இருபது அடி. நடந்து சேர அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அதில் ஐம்பத்தொன்பது நிமிஷம் வாசற்படியில்.

அவன் ஊசித் துப்பாக்கிக்கு மருந்து அளந்துகொண்டிருந்தான்.

குச்சியை மேஜைமேல் வைத்தாள். எங்கே கிடைத்தது என்பதைச் சொன்னாள்.

அவன் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்க்கிற மாதிரி.

"இப்படி ஒண்ணு செருகுவேன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"சொல்லியிருந்தா உருவிட்டுக் கொட்டியிருப்பியா அண்ணே?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மறைக்கவில்லை. மறைக்கிற தெம்பு அவனிடம் இல்லை போலிருந்தது. எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொன்னான். பாறை முகட்டில் ஒரு வெள்ளை ஆர்க்கிட் இருக்கிறதே, மரப்பட்டையைக் கட்டிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரே தடவை பூப்பது... இந்தக் காட்டை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதைச் செடி செடியாகப் பெயர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்து, மேலே 'இரத்த மாதிரி' என்று சீட்டு ஒட்டி வெளியே விலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். மூன்று வருஷமாக. வியாதி ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் கேட்டில் யாரும் அந்தப் பெட்டியைத் தொடமாட்டார்கள்.

பைனாகுலர் தொட்டான். திறந்தான்.

"அவன் என்னைக் காட்டிக் குடுக்கல பாப்பா. அதுதான் கொடுமை. டாக்டர், நீங்களே போய் சொல்லிடுங்க, நான் பாத்த மாதிரியே காட்டிக்க மாட்டேன்னான். ரெண்டு நாள் டைம் குடுத்தான். இன்னைக்கு விடியறதுக்கு முன்னாலயே கோபுரத்துக்கு மேல வரச் சொன்னேன். கீழ பாறை..."

முடிக்கவில்லை அவன். அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள்.

"லத்தி வேணும்னு நீ கேட்டது நேத்துக் காலையில."

அவன் மருந்துப் புட்டியை மூடி வைத்தான்.

"புழு எண்ணணும், முழுக் குவியலா வேணும்னு கேட்டே. அப்பவே முடிவு பண்ணிட்டியா அண்ணே? ஒரு ராத்திரி தூங்கி எழுந்துமா மனசு மாறல?"

"தூங்கல" என்றான்.

வெளியே லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. கூண்டுக்கு மரக்கட்டை ஏற்றிய லாரி.

போய்ச் சொல்லப் போகிறேன் என்றாள் அவள். தடுப்பான், காலில் விழுவான், கதவைத் தாழ் போடுவான் என்றெல்லாம் நினைத்திருந்தாள். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. குச்சியை அவள் பக்கமே நகர்த்தி வைத்தான்.

"சொல்லு. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பக்கெட்டை என்கிட்ட குடுத்தியே, எழுத்து ஏதாவது இருக்கா?"

அவள் கை இடுப்பிலிருந்த நோட்டுக்குப் போனது.

"யாருக்குக் குடுத்தாலும் கையெழுத்து வாங்குவே. ரேஞ்சர்கிட்ட வாங்குவே, காலேஜ் பசங்ககிட்ட வாங்குவே. என்கிட்ட மட்டும் வாங்கினதே இல்ல. அண்ணன்தானேன்னு விட்டுட்டே." அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "அப்ப அந்த லத்தி கடைசியா யார் கையில இருந்துச்சு பாப்பா? நல்லா யோசி. கிழிகாதனுக்கு வயசாயிடுச்சு. அவன் போனாப் போறான். எனக்கு நீ இருக்கணும்."

மூன்று மணி.

மூங்கில் தோப்பில் நின்றாள்.

ஏன் அங்கே போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கிழிகாதன் தோப்பின் நடுவில் நின்று மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தான். கிழிந்த காது காற்றில் படபடத்தது. ஊசிக்காரர்களின் ஜீப் ஹாரன் தூரத்தில் கேட்டது.

"ஓடுடா" என்றாள்.

அவன் இன்னொரு கொப்பை ஒடித்தான்.

கல்லை எடுத்து எறிந்தாள். அடிவயிற்றில் பட்டது. திரும்பிப் பார்த்தான். இன்னொன்று எறிந்தாள். கத்தினாள், கை தட்டினாள், அழுதாள். அவன் நகரவில்லை. பதினோரு வருஷமாகப் பின்னாலேயே வந்து பொறுக்கிக்கொண்டு போகிற பெண்பிள்ளை! அவளைக் கண்டு எதற்கு ஓட வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ... நிதானமாக மென்றான். மெல்லாததை விழுங்கினான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

மூன்று இருபது.

குச்சி ரேஞ்சரம்மாவின் மேஜைக்கு வந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ஆர்க்கிட், ஐஸ் பெட்டி, கோபுரம், பக்கெட். அண்ணன் என்ற வார்த்தையைச் சொல்ல மட்டும் இரண்டு தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

ரேஞ்சரம்மா அலமாரியைத் திறந்தாள். லத்தி நோட்டின் கார்பன் பிரதி தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அலுவலகத்துக்கு வந்துவிடும். நேற்றைய தாளை எடுத்தாள். 212-ஐத் தேடினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

அடுத்த நொடி வயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள். "எல்லாரும் நில்லுங்க. ஊசி போடாதீங்க. துப்பாக்கியை இறக்குங்க. அந்த யானை இல்ல. திரும்பவும் சொல்றேன், அந்த யானை இல்ல."

லத்தியக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிழைத்தான்! ஐம்பது வயசுக் கிழவன் பிழைத்தான்!

ரேஞ்சரம்மா கேட்டுக்குப் போன் போட்டாள். ஐஸ் பெட்டி ஏதாவது இருந்தால் நிறுத்தச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் மாறியது.

"காலையில பத்து மணிக்கே போயிடுச்சாம்."

"தொறந்து பாத்தாங்களா?"

"தொறந்து பாக்கறவன் தார்ப்பாய்க்குள்ள கிடக்கான்."

மூலையில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார். கார்பன் பிரதியை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, நிதானமாகப் படித்தார்.

"ஏம்மா, இந்த 'எடுத்துக்கொண்டேன்' யாரோட கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"குச்சி?"

"என்னோடது."

"பக்கெட்டு?"

"சார், அந்தப் பக்கெட்டை நான் அண்ணன்கிட்ட..."

"அதுக்கு எழுத்து இருக்கா?"

இதே கேள்வி. ஒரே நாளில் இரண்டாவது தடவை!

அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தான். வெறும் கையோடு. இன்ஸ்பெக்டர் கேட்டார். அவன் தலையை இல்லை என்று ஆட்டினான். பக்கெட் எதுவும் வரவில்லை என்றான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கையின் மேல் ஒரு பழியும் போடவில்லை. போடத் தேவையே இருக்கவில்லை!

"போன வாரம் மெஸ்ல இவங்களுக்கும் செத்தவனுக்கும் ஏதோ தகராறுன்னு மெஸ்காரங்க எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர், ரேஞ்சரம்மாவைப் பார்த்து.

ரேஞ்சரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தகராறு ஒன்றுமில்லாதது. எண்ணுகிற வரிசையில் பைனாகுலர் மாட்டு வண்டி மாதிரி குறுக்கே நடந்து, நாலு குவியலை மிதித்துவிட்டான். மெஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் இவள் ஒரு வார்த்தை சொன்னாள். அவனும் சிரித்தான், எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ன சொன்னீங்க?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

அவள் தரையிலிருந்து எழுந்தாள்.

"உன்னை யானைதான் மிதிக்கணும்னு சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கெட்டவர் இல்லை. கையில் இருப்பதை வைத்துக் கணக்குப் போடுகிறவர். கையில் ஒரு குச்சி, ஒரு தாள், ஒரு வார்த்தை. மூன்றும் ஒரே பெண்ணுடையவை. "யானை இல்லைன்னு நிரூபிச்சிட்டீங்கம்மா. சந்தேகமே இல்லாம நிரூபிச்சிட்டீங்க. இந்தக் காட்டுல லத்தியைப் பக்கெட்டுல தூக்கிட்டு அலையற ஆள் எத்தனை பேரு?"

அவள் ரேஞ்சரம்மாவைப் பார்த்தாள். ரேஞ்சரம்மா ஜன்னலைப் பார்த்தாள். நான் உங்களை நம்புகிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜீப் வந்து நின்றது.

அண்ணன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தோளில் போட்டான். ஸ்டேஷனில் குளிரும் என்றான். அவள் அதை உதறக்கூட இல்லை. உதறினால் மட்டும் என்ன ஆகப் போகிறது? வக்கீலை அவன்தான் பார்ப்பான், சாப்பாடு அவன்தான் கொண்டு வருவான். இந்த உலகத்தில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தூரத்தில், மேற்கே, மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது. சாவகாசமான சத்தம்.

போலீஸ்காரர் ஒருவர், உப்புக் குட்டையிலிருந்து அள்ளி வந்த லத்திக் குவியலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, முகத்தைச் சுளித்தபடி ஜீப்பின் பின்னால் வைத்தார். வழக்குக்கு முக்கியமான சாட்சிப் பொருளாம். இன்ஸ்பெக்டர் ஏறுங்கம்மா என்றார்.

அவள் ஏறவில்லை. இடுப்பிலிருந்த லத்தி நோட்டை எடுத்துப் பிரித்து, பேனாவோடு அவர் முன்னால் நீட்டினாள்.

"ஏறுறேன் சார். முதல்ல அந்த லத்தியை வாங்கிக்கிட்டேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."